ஐந்தாம் அறை

பிப்ரவரி 2

மூளை அவர்களுக்கு,

திருப்புளி எழுதுகிறேன். நீ வைத்த பெயர்தான். ஏழு மாதத்துக்கு முன்னால் நம் மூச்சு மெஷின் ரிப்பேர் கடையில் ஆஸ்பத்திரி இன்ஜினியர் எதிரே உட்கார்ந்திருந்தபோது, "இந்தக் கடைக்கு நான் மூளை சார், என் தங்கச்சி திருப்புளி" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மனுஷர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் காபி கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து நீ பெட்டியைத் தூக்கினாய். போகிற போக்கில் பழைய போர்டுகள் வைத்திருந்த அலமாரியை ஒழித்து, மொத்தத்தையும் பழைய இரும்புக் கடைக்காரரிடம் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனாய். "எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு, இந்தக் குப்பை எதுக்கு?" என்றாய். நான் மறுநாள் காலையிலேயே அவர் கடைக்கு ஓடினேன். நசுக்கி மூட்டை கட்டிவிட்டிருந்தார்.

போனில் பேசமாட்டேன் என்று சொன்னாய். எனக்கும் உன் குரலைக் கேட்டே ஆகவேண்டும் என்று ஆசை ஒன்றும் இல்லை. எப்படியும் நீ மெமரி கார்டைப் பார்சலில்தான் அனுப்பவேண்டும். கடிதமும் அதோடு போய் வரட்டும்.

விஷயம் இதுதான். அப்பாவின் மூச்சு மெஷின் பத்து நாளில் மூன்று முறை தானாக நின்றுவிட்டது. மூன்று முறையும் மதியச் சாப்பாடு முடிந்து அவர் படுத்திருக்கும்போது. மாஸ்க் இல்லாமல் அவரால் படுக்க முடியாது என்று உனக்குத் தெரியும். அலாரம் அடிக்கிறது, நான் கடையிலிருந்து உள்ளே ஓடுகிறேன், அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மாஸ்க்கைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறார். முகம் மட்டும் நீலமாக இருக்கிறது.

டிசம்பரில் பழைய பிரஷர் சென்சார் செத்துப்போனது. அந்த வகை இனிக் கிடைக்காது என்பதால் புதுசு போட்டேன். புதுச் சென்சாருக்காக நீ எழுதின புரோகிராம் கார்டில் வந்தது. கூட ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. அந்த புரோகிராமை ஏற்றின பிறகுதான் இந்தக் கூத்து. பழைய புரோகிராமுக்குத் திரும்பவும் முடியாது, அதற்குப் புதுச் சென்சார் பேசுவது புரியாது.

கம்ப்யூட்டருக்குள் நீ கட்டி வைத்திருக்கும் ஐந்து அறைகளில் ஐந்தாவது அப்பாவின் மெஷினுக்கானது. அதைத் திறந்து பார்த்துச் சொல். எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுது. முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தின மனுஷர் வீட்டில் இருக்கிறார், உன் கடிதத்தை அவர்தான் முதலில் பிரிப்பார்.

திருப்புளி

---

பிப்ரவரி 9

திருப்புளி மேடத்துக்கு,

உன் கடிதம் வந்தது. விஷயம் நாலு வரி, மீதி ஒப்பாரி. இரும்புக் கடைக்காரர் கதையை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவாய்? துருப்பிடித்த போர்டுகள் அவை. ஒன்றைத் தொட்டால் விரல் கறுக்கும்.

ஆறு வருஷம் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தும் அரை என்றால் என்னவென்று உனக்கு மண்டையில் ஏறவில்லை என்று தெரிகிறது. முதலிலிருந்து சொல்கிறேன். மெதுவாகப் படி.

அந்த மெஷின்களைச் செய்த கம்பெனி, இழுத்து மூடுவதற்குள் ஐந்து முறை சிப்பை மாற்றியது. ஒரு சிப்பின் பாஷை இன்னொரு சிப்புக்குப் புரியாது. நம் கம்ப்யூட்டரின் சிப்புக்கோ அந்த ஐந்தில் ஒன்றுகூடப் புரியாது. அதனால் ஒரே கம்ப்யூட்டருக்குள் ஐந்து அரைகள் கட்டினேன். ஒவ்வொரு அரைக்குள்ளும் தனி ஆபரேட்டிங் சிஸ்டம், தனி ஃபைல்கள். ஓர் அரையில் குப்பை கொட்டினால் அடுத்த அரைக்கு வாடைகூட வராது. ஒவ்வொன்றின் வாசலிலும் ஓர் எமுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நான் வைத்த பெயர் துபாஷி. உள்ளே இருக்கும் புரோகிராம் பழைய சிப்பின் பாஷையில் பேசும், துபாஷி அதை நம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் மாற்றிச் சொல்வான். உள்ளே இருப்பவனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்ற சந்தேகமே வராது. "நான் எந்த சிப்புல ஓடுறேன்?" என்று கேட்டால், "பழைய சிப்புலதான் ராஜா" என்று பதில் வரும். சிப் இல்லாமலே சிப். போர்டு இல்லாமலே போர்டு. அதனால்தான் அந்த அலமாரி எனக்குக் குப்பை.

ஐந்தாம் அரையை நேற்றுத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட் வைத்திருக்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டும் பாஸ். மாஸ்க் நழுவுவது, குழாய் மடங்குவது, கரன்ட் போய் வருவது, எல்லாம் அதில் அடக்கம். ஆக, பிழை என் பக்கம் இல்லை. உன் சால்டரைப் பார். ஒயரைப் பார். மாஸ்க்கின் வாரைப் பார். மனுஷக் கை பட்ட இடத்தில்தான் பிழை இருக்கும், அரைக்குள் மனுஷக் கை கிடையாது.

உனக்கு நம்பிக்கை வராது என்பதால் அந்த அரையையே கார்டில் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்துகொள். குறிப்புத் தாளும் இருக்கிறது, ஆறே படிகள். ஆறு என்பது ஒரு கை விரல்களை எண்ணி முடித்து இன்னும் ஒன்று.

இங்கே எனக்குப் பதினோராவது மாடி. கண்ணாடித் தடுப்பு, கழுத்தில் அட்டை, எண்பது அரைகளுக்குப் பொறுப்பு. உன் மேஜை விசிறியின் கடகட சத்தம் இல்லாமல் வேலை செய்வது எவ்வளவு சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அப்பாவிடம் மாஸ்க்கை நோண்டாமல் இருக்கச் சொல்.

அண்ணன்

---

பிப்ரவரி 14

எண்பது அறைகளின் எஜமானருக்கு,

முதலில் அப்பாவின் பங்கு. உன் கடிதத்தை அவர் சிவப்புப் பென்சிலை எடுத்துவைத்துக்கொண்டு படித்தார். நீ எழுதின "அரை" ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் வட்டம் விழுந்திருக்கிறது. ஓரத்தில் அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "அரை என்றால் பாதி. அறை என்றால் உள்ளே ஆள் இருக்கும் இடம். கன்னத்தில் விழுவதற்கும் இதே றகரம்தான்." பிறகு கண்ணாடியைக் கழற்றி, "இத்தனை அரை கட்டியிருக்கான், ஒண்ணுகூட முழுசா இல்ல" என்றார். நான் சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்து, அது இருமலாகி, அடங்க ரொம்ப நேரம் ஆனது.

இனி உன் ஆறு படிகள். ஐந்தாவது படியில், "இந்த ஃபைலை இயக்க முடியாது, வடிவம் தவறு" என்று வந்தது. நாலு தடவை தட்டினேன், நாலு தடவையும் அதே. அறையை மட்டும் கார்டில் போட்டு அனுப்பின மேதை, வாசலில் துபாஷியை உட்காரவைக்க வேண்டும் என்பதைக் குறிப்பில் எழுத மறந்துவிட்டார். உன் பழைய கம்ப்யூட்டரில் அவன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான், அதனால் உனக்குத் தோன்றவே இல்லை. நான் புதுசாக வாங்கின கம்ப்யூட்டரில் அவன் எங்கிருந்து வருவான்? அரை நாள் ஆனது. இந்த அரைக்கு இடையின ரகரம்தான், அப்பா பார்த்துவிட்டார். நானே தேடிப் பிடித்து அவனை வாசலில் உட்காரவைத்தேன். ஏழாவது படி என்று உன் தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஒரு கை விரல்களை எண்ணி முடித்து இன்னும் இரண்டு.

ஒத்துக்கொள்கிறேன், அறைக்குள் நானூற்றுப் பன்னிரண்டும் பாஸ்தான். ஆனால் அதே புரோகிராம், அப்பாவின் மெஷினில், வியாழக்கிழமை மறுபடியும் நின்றது. சால்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒயர் மூன்றையும் மாற்றினேன். வார் புதுசு.

இன்னொன்று. மெஷின் நிற்கும்போது திரையில் என்ன தெரிகிறது என்று அப்பா இந்த முறை பார்த்து வைத்தார். மூச்சு முட்டிக்கொண்டிருக்கிற மனுஷர், செய்தித்தாள் ஓரத்தில் அந்த எண்ணைச் சிவப்புப் பென்சிலால் எழுதியிருக்கிறார். வழக்கமாக 1200 என்று இருக்கும் அழுத்தம், 16778416 என்று காட்டியதாம். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம். அவ்வளவு அழுத்தம் வந்தால் அப்பா மட்டுமில்லை, தெருவே பறந்துபோயிருக்கும். மெஷின் பயந்துபோய் நின்றுவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

அந்த எண்ணைப் பார். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகக் கேட்கிறேன். மாஸ்க் கொஞ்சம் நழுவினாலும் அலாரம் ஊரைக் கூட்டுகிறது. கடையில் ஆள் நிற்கும்போது நான் கையில் சூடான சால்டர் கம்பியோடு உள்ளே ஓடவேண்டியிருக்கிறது. அவர் பயப்படுகிறார், அண்ணா. சொல்லமாட்டார். மதியம் படுப்பதையே தள்ளிப்போடுகிறார்.

திருப்புளி

---

பிப்ரவரி 20

பிழை திருத்தும் நிலையத்துக்கு,

அப்பாவும் மகளும் சேர்ந்து என் எழுத்தைத் திருத்தும் அளவுக்கு வீட்டில் பொழுது கிடக்கிறது என்று தெரிந்து சந்தோஷம். அரை, அரை, அரை. வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்கு றகரமும் தெரியாது ரகரமும் தெரியாது, அதனால்தான் எனக்கு அதனோடு ஒத்துப்போகிறது.

அந்த எண்ணைப் பார்த்தேன். குப்பை. ஒயர் லூசாக இருந்தால் இப்படித்தான் ஏதாவது ஒரு கோடி வரும். இல்லாவிட்டால் அப்பா தப்பாக எழுதியிருப்பார். எழுபத்தெட்டு வயசு, மூச்சு முட்டிக்கொண்டிருக்கிற நேரம், கண்ணாடி எங்கேயோ. எட்டு இலக்கம் சரியாக எழுதினார் என்று நான் நம்பவேண்டுமா? பிழை திருத்துகிறவர் என்பதால் பிழையே செய்யமாட்டார் என்று சட்டமா? என் டெஸ்ட் சொல்வதை விட்டுவிட்டு செய்தித்தாள் ஓரத்தை நம்பச் சொல்கிறாய். உன் படிப்புக்கு அதுதான் ஆதாரம் போலிருக்கிறது.

துபாஷி விஷயத்தில் பெரிய மலையைப் புரட்டினதாக ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். அது தெரிந்தவர்கள் சொல்லாமலே செய்யும் வேலை. எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றாததற்குக் காரணம் அதுதான்.

அலாரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். மாஸ்க் நழுவுகிறது, அலாரம் கத்துகிறது, அவர் பதறுகிறார், பதறினால் மாஸ்க் இன்னும் நழுவுகிறது. சத்தம்தான் உங்கள் வியாதி. பின்பக்கம் இருக்கும் திருகை இடப்பக்கமாகக் கடைசி வரை திருப்பிவிடு. மதியம் எல்லோரும் நிம்மதியாக இருங்கள். திருகு திருப்புவது உனக்குக் கைவந்த கலைதானே.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே. இங்கே எனக்கு வேலை இருக்கிறது.

அண்ணன்

---

மார்ச் 1

உனக்கு,

உன் கடிதம் புதன்கிழமை காலையில் வந்தது. அப்பா படித்தார். "எழுபத்தெட்டு வயசு" என்ற வரியை இரண்டு முறை படித்தார். பென்சிலை எடுக்கவே இல்லை. மடித்துக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்.

திருகை நான் திருப்பினேன். கடைசி வரை, இடப்பக்கமாக. நீ இத்தனை திட்டி எழுதியும், உனக்குத்தான் தெரியும் என்று எனக்குள் ஒரு முட்டாள் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். மூன்று மணிக்கு ஒரு போர்டைக் கேட்டு வந்தவரை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். மெஷின் நின்றிருந்தது. அலாரம் கொசு மாதிரி முனகிக்கொண்டிருந்தது. அப்பா கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தார்.

இன்றோடு நாலாவது நாள், ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். பிழைத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையை எழுதும் வரை உனக்குக் கடிதம் எழுதக்கூடாது என்று இருந்தேன். திருகைத் திருப்பின கை என்னுடையது, அதை யார் மேலும் போடமாட்டேன். ஆனால் உன் கடிதத்தையும் கிழிக்கவில்லை, வைத்திருக்கிறேன்.

இனி மூளைக்குத் திருப்புளி பாடம் எடுக்கிறேன். மெதுவாகப் படி.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் செய்தித்தாள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் இருக்கும் கால்குலேட்டரில் அப்பாவின் எண்ணைப் போட்டு, உன் ஆட்கள் பதினாறு பதினாறாக எண்ணுகிற ஹெக்ஸ் கணக்குக்கு மாற்றினேன். 01 00 04 B0 என்று வந்தது. பின்னால் இருக்கும் 04 B0 என்பது எவ்வளவு தெரியுமா? 1200. அப்பாவின் சரியான அழுத்தம், ஒரு புள்ளி குறையாமல். அதன் தலையில் எங்கிருந்தோ ஓர் ஒன்று வந்து ஏறி உட்கார்ந்திருக்கிறது. லூசான ஒயர் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் போடுமா?

அந்த ஒன்று எது என்று யோசித்தேன். மாஸ்க் நழுவினால் புதுச் சென்சார் அனுப்பும் குறி 1. நழுவாவிட்டால் 0. தலையில் பூஜ்யம் ஏறினால் எண் மாறாது, மெஷின் ஒழுங்காக ஓடும். ஒன்று ஏறினால் கோடி. அதனால்தான் மாஸ்க் நழுவும்போது மட்டும் நிற்கிறது. இரவில் நான் வாரை இறுக்கி மாட்டிவிடுகிறேன், மதியம் அவரே மாட்டிக்கொள்வதுதான் நழுவுகிறது.

பிறகு வீட்டுக்குப் போய் உன் புரோகிராமைத் திறந்தேன். மெமரியில் முதலில் ஒரே ஓர் இடத்தில் மாஸ்க் குறி, அதை ஒட்டினாற்போல் அழுத்தம், நடுவில் ஓர் இடைவெளி இல்லை. அந்த வரிக்கு மேலே நீ எழுதி வைத்திருக்கும் குறிப்பையும் படித்தேன். "மூன்று காலி இடம் மிச்சம். திருப்புளிகள் இதைத் தொடவேண்டாம்."

தொடவில்லை, ராஜா. ஏன் அறைக்குள் சரியாக வருகிறது, போர்டில் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. அது உன் பாடு. அப்பா இப்போது ஆஸ்பத்திரி மெஷினில் இருக்கிறார், இவருடைய போர்டு சும்மா கிடக்கிறது. அந்தச் சிப் உள்ள போர்டு இனி நம் கையில் இது ஒன்றுதான், மீதியைத்தான் மூட்டை கட்டிவிட்டாயே. பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். தொட்டால் விரல் கறுக்கும். தொட்டுப் பார்.

பத்து நாளில் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். அதற்குள் போர்டு திரும்பி வரவில்லை என்றால் அவரை எந்த மெஷினில் படுக்கவைப்பது என்று நீயே எழுது.

---

மார்ச் 8

தங்கச்சிக்கு,

போர்டு பத்திரமாக வந்தது. பழைய துணி சுற்றி வைத்திருந்தாய். அப்பாவின் சட்டைத் துணி என்று நினைக்கிறேன், பைக்குள் பென்சில் சீவின தூள் இருந்தது.

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான் குடியிருப்பது ஒரு சலவைக் கடைக்கு மேலே. மேஜை இல்லை. இஸ்திரிப் பலகை ஒன்றைக் கீழேயிருந்து கேட்டு வாங்கி, அதன் மேல் போர்டை வைத்து, ஒயர் மாட்டினேன். முதலில் ஐந்தாம் அறைக்குள் ஓட்டினேன். மாஸ்க் நழுவினதாகக் குறி கொடுத்தேன். 1200 என்று வந்தது. அதே புரோகிராமை, ஓர் எழுத்து மாற்றாமல், போர்டில் ஏற்றி அதே குறியைக் கொடுத்தேன். 16778416. அப்பா ஓர் இலக்கம்கூடத் தப்பாக எழுதவில்லை. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, கீழேயிருந்து பலகையைக் கேட்டு ஆள் வந்துவிட்டார்.

ஏன் என்று கேட்டாய். அந்தப் பழைய சிப், நாலு இடம் பிடிக்கும் எண்ணை, நாலு நாலாக எண்ணிக்கொண்டு போகும் இடத்தில் மட்டும்தான் ஒழுங்காக எடுக்கும். நான் மூன்று இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எண்ணை நாலிடம் தள்ளாமல் ஓரிடம் மட்டும் தள்ளி உட்காரவைத்தேன். அதை எடுக்கச் சொன்னால் அந்தச் சிப் முடியாது என்று சொல்லாது. ஆரம்பத்திலிருந்து நாலை அள்ளி, ஒரு சுற்றுச் சுற்றி, இந்தா என்று கொடுத்துவிடும். குறி சுற்றிக்கொண்டு போய் எண்ணின் தலையில் ஏறிவிடுகிறது. நீ வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடித்ததுதான், ஒரு சொல் கூட்டவும் குறைக்கவும் எனக்கு இல்லை.

நம் கம்ப்யூட்டரின் சிப்புக்கு இந்த வம்பே கிடையாது, எந்த இடத்திலிருந்து கேட்டாலும் சரியாக எடுத்துக் கொடுக்கும். துபாஷி என் கேள்வியை அதனிடம்தான் கொண்டுபோகிறான். நான் தப்பாகக் கேட்டேன், அவன் சரியான பதிலை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். என் பிழையைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு முறையும் "சரி" என்று சொன்னான். அப்பா திருத்தினால் சிவப்பில் தெரியும். தெரிகிற திருத்தத்தைப் பார்த்து எரிச்சல்பட்டேன், தெரியாத திருத்தத்தை நம்பி அப்பாவை அதில் படுக்கவைத்தேன்.

அறைக்குள் மனுஷக் கை கிடையாது என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அலாரத்தைக் குறைக்கச் சொன்னதும் நான்தான். உன் கை என்று நீ எழுதியிருக்கிறாய். கை உன்னுடையது, திமிர் என்னுடையது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் முழுசாகாது. எண்பது அறைகளுக்கு நான் பொறுப்பு என்று அளந்தேன். இங்கே ஓர் அறைகூட நான் கட்டினதில்லை. மற்றவர்கள் கட்டின அறைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று மணிக்கொரு தரம் பார்த்துப் பச்சைப் புள்ளி வைப்பதுதான் வேலை. என் பக்கத்தில் இருப்பவன் என்னை "புள்ளி" என்று கூப்பிடுகிறான். முதல் நாள் கோபம் வந்தது. இரண்டாம் நாள் நீ ஞாபகம் வந்தாய். அதை ஏழு மாதமாக எழுதாமல் இருந்திருக்கிறேன்.

மூன்று காலி இடத்தையும் திரும்ப வைத்துவிட்டேன். அறையில் ஓட்டினேன், பிறகு போர்டில் ஓட்டினேன். மாஸ்க் நழுவினாலும் நழுவாவிட்டாலும் 1200. திருப்புளிகள் தொடவேண்டாம் என்ற வரியை எடுத்துவிட்டு, "போர்டில் பார்க்காமல் சரி என்று சொல்லவேண்டாம்" என்று போட்டிருக்கிறேன். போர்டும் கார்டும் பெட்டிக்குள். நான் சொன்னேன் என்று நம்பாதே. நீ ஒரு முறை உன் கையால் பார்த்துவிட்டு அப்பாவுக்குக் கொடு.

வேலைக்கு இந்த மாதக் கடைசியோடு போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வீட்டில் எனக்கு ஓர் அறை இருக்குமா?

அண்ணன்

---

மார்ச் 15

அண்ணனுக்கு,

இரண்டு பக்கத்துக்கு ஒரு கிண்டல்கூட இல்லாமல் நீ எழுதினதைப் பார்த்து, யாரையாவது வைத்து எழுதினாயோ என்று சந்தேகம் வந்தது. பிறகு "ஒரு சொல் கூட்டவும் குறைக்கவும்" என்று பெரிய மனுஷத் தோரணையில் ஒரு வரி வந்தது, நீதான் என்று தெரிந்துகொண்டேன்.

நீ சொன்னாய் என்று நான் நம்பவில்லை. போர்டை மாட்டி, மாஸ்க்கை என் முகத்தில் வைத்துக்கொண்டு படுத்து, கையால் இழுத்து இழுத்து அறுபது தடவை நழுவவிட்டேன். அறுபது தடவையும் 1200. அலாரம் கடைசி வரை வலப்பக்கமாக இருக்கிறது, இனி அந்தத் திருகை யாரும் தொடமுடியாதபடி மேலே சால்டரை உருக்கி ஊற்றிவிட்டேன். திருப்புளிக்குத் தெரிந்த நாகரிகம் அவ்வளவுதான். நம்மிடம் வரும் தையல்காரம்மாவின் மூச்சு மெஷினும் இதே சிப்தான், அவருக்குப் புதுச் சென்சார் போடுவதாக இருந்ததை நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ வந்து, அவர் போர்டில் ஓட்டிக் காட்டிவிட்டுப் போடு.

அப்பா வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். இளைத்துவிட்டார், வாய் மட்டும் இளைக்கவில்லை. வந்த அன்று மதியம் படுக்கமாட்டேன் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். "நீ போ, கடையில ஆள் வரும்" என்றார். "வரட்டும்" என்றேன். ரொம்ப நேரம் கழித்துப் படுத்தார். ஒரு முறை மாஸ்க் நழுவியது, அலாரம் கத்தியது, மெஷின் நிற்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். எண்ணை வாய்க்குள் படித்துப் பார்த்துக்கொண்டு, மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டுத் தூங்கிப்போனார்.

உன் கடிதத்தை மறுநாள்தான் கொடுத்தேன். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் படித்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஒரு பிழைகூட இல்ல. உடம்பு சரியில்லையோ அவனுக்கு?" நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

அப்புறம் கடைசி வரிக்குப் போனார். அந்த வீட்டில் எனக்கு ஓர் அறை இருக்குமா என்று நீ கேட்ட வரி. "அறை" என்ற சொல்லைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டார். ஓரத்தில் எழுதி, பேனாவால் எழுதின மாதிரி அழுத்தமாக அடிக்கோடு இட்டு, என்னைப் பார்த்துத் தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். அந்தப் பக்கத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

"றகரம் சரி. இரண்டும் இருக்கிறது. வா."